அகப்பை யார் கையில்? சர்க்கரை உள்ள பெற்றோருக்கு எந்த உதவி பொருந்தும்: ஒரு செட்டிநாட்டு ஒப்பீடு

"அப்பச்சிக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை கொடுத்தாயிற்று. சாப்பாட்டை மாற்றணும், நடக்கணும் என்கிறார்கள். யாரைப் பிடித்தால் இது நடக்கும்?"

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பெற்றோர் இருக்க, சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. (எங்கள் பக்கம் அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா.) பெரும்பாலும் வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கும். மூத்தவர் மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்பார். இளையவர் கையில் ஒட்டும் சென்சாரை வாங்கியே அனுப்பியிருப்பார். ஆத்தா, பக்கத்து வீட்டில் வந்து பார்க்கும் அரசாங்கத்து அம்மா நம் வீட்டுக்கும் வந்தால் போதும் என்பார். அப்பச்சி மட்டும் "ஒரு கரண்டி சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடும், விடுங்கள்" என்று முடித்துவிடுவார்.

எந்த மாத்திரை, எவ்வளவு இன்சுலின் என்பதெல்லாம் மருத்துவர் முடிவு. அதை இங்கே தொடவில்லை. சாப்பாட்டுப் பழக்கத்தையும் உடலசைவையும் மாற்ற யார் துணை, எந்த வழி துணை என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மிளகும் கறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சர்க்கரையை ஏற்றுவது காரமும் அல்ல, கோழியும் அல்ல. காலையில் இட்லி, மதியம் சோறு, நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரம், இரவில் இடியாப்பம். பெயர் நாலு, அரிசி ஒன்று. நோயோ நாடு முழுவதும் பரவியிருக்கிறது: 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் என்று கணக்கிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

என் முதல் அளவுகோல் அகப்பை. அந்த உதவி, சமைக்கிறவர் காதுக்கும் பரிமாறுகிறவர் கைக்கும் போய்ச் சேருகிறதா? செட்டிநாட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் சமைப்பது பெரும்பாலும் சமையல்கார அம்மா. டாக்டரைப் பார்ப்பது அப்பச்சி. ஆலோசனையைக் கேட்டுக்கொள்வது கூடப் போன ஆத்தா. டயட் சீட்டோ ஆங்கிலத்தில் அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். உலை வைப்பவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் தொடர்பு. பழக்கம் என்பது ஒரு நாள் சொல்லி மாறுவதில்லை. வாரம் ஒருமுறை யாராவது "இந்த வாரம் எப்படி?" என்று கேட்பதற்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திட்டுவதற்கும் நிறைய வித்தியாசம்.

மூன்றாவது, நம் சாப்பாடு அவருக்குத் தெரியுமா. கந்தரப்பம், கும்மாயம் போன்ற நம் ஊர் இனிப்புகள் என்னவென்று தெரியாதவர் "இனிப்பைத் தவிருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நான்காவது பாதுகாப்பு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், திடீரென்று சோற்றைப் பாதியாக்கி நடையை இரட்டிப்பாக்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், சில சமயம் மயக்கம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றத்தைத் தொடங்குமுன் மாத்திரை கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

அப்புறம் செலவு. பில்லில் வருவதும் வராததும். கடைசியாக, ஆறு மாதம் கழித்து அது நிற்குமா என்பது.

## வீட்டு அடுப்படியை மாற்றுவது

வெளியார் யாரும் இல்லாமல், வீட்டில் எல்லோருக்குமே ஒரே சாப்பாடு என்று மாற்றிக்கொள்ளும் வழி. அகப்பைக் கணக்கில் இதற்கு மிஞ்சியது இல்லை. நாள்தோறும் நாலு தடவை தொடர்பு. ஊர்ச் சாப்பாட்டை யாருக்கும் விளக்க வேண்டாம்.

செட்டிநாட்டுச் சமையலில் எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. கீரை மசியல், வெண்டைக்காய் மண்டி, அவரைக்காய்ப் பிரட்டல், கத்தரிக்காய் கோஸ்மல்லி, பருப்பு உருண்டைக் குழம்பு, மீன் குழம்பு, கோழி எல்லாம் நம்மிடம் இருப்பவைதான். தட்டில் அவற்றின் இடம்தான் சிறியது. சோற்று மேட்டின் ஓரத்தில் ஒரு கரண்டிக் கூட்டு. இதைத் திருப்பினால் போதும்: பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ மீனோ கோழியோ முட்டையோ, மிச்சம் கால் தட்டு சோறு.

இரண்டு சின்ன மாற்றங்களை எல்லா வீட்டுக்கும் சொல்வேன். ஒன்று, காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றுக்குக் கடைசியில் வருவது. அதே சாப்பாடுதான், வரிசை மட்டும் மாறும். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை இதில் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொன்று, பருப்புக்கு ஒரு சோறு, குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்ற வழக்கத்தை விடுவது. ஒரு கிண்ணத்தில் அளந்த சோறு குழம்போடு முடியட்டும். ரசமும் மோரும் டம்ளரில் வரட்டும். "சோற்றைக் குறையுங்கள்" என்று சொன்னால் கோபப்படுகிறவர், ரசத்தைக் குடிக்கச் சொன்னால் கோபப்படுவதில்லை.

நல்லெண்ணத்தில் நடக்கும் தவறுகளும் இங்கேதான் அதிகம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்பது ஒன்று. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். பணியாரத்தில் எது போட்டாலும் ரத்தத்துக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கவுனி அரிசி நல்லது என்பது இன்னொன்று. கருப்பு அரிசியில் தவிடும் நிறமியும் இருப்பது உண்மை. ஆனால் நாம் அதைச் சாப்பிடுவது சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுக் குழைத்து. அது மருந்து அல்ல, இனிப்பு. கேழ்வரகையும் கம்பையும் நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ஏறும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? முதலில், வீட்டுப் பெண்ணின் உழைப்பு. அப்பச்சிக்குத் தனிச் சமையல், பிள்ளைகள் வந்தால் தனிச் சமையல் என்றால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. காய்கறிச் செலவும் கூடும். அரிசி மூட்டையில் மிச்சமாவது அதை ஈடுகட்டாது. மூன்றாவதுதான் பெரியது: கண்காணிப்பு. ஆத்தா ஒவ்வொரு வாய்க்கும் கணக்குக் கேட்க ஆரம்பித்தால், அப்பச்சி டீக்கடையில் போண்டா சாப்பிட ஆரம்பிப்பார். திட்டினால் பழக்கம் மாறுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. "எதை விடமுடியாது, எதை விடமுடியும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்ட வீடுகளில்தான் மாற்றம் நிற்பதைப் பார்க்கிறேன். ஒருவர் காலைக் காப்பியில் சர்க்கரையை விடுவார், இரவு இடியாப்பத்தை விடமாட்டார். சரி, எண்ணிக்கையைப் பேசிக்கொள்ளலாம்.

சமையல்கார அம்மா இருக்கும் வீடானால் அவரை உட்காரவைத்துப் பேச வேண்டும். ஏவுவது போதாது. கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, காரணத்தையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அவருக்கே சர்க்கரை இருக்கும். மிஞ்சிய அதிரசமும் பணியாரமும் அவர் வீட்டுக்குத்தானே போகின்றன? அதையும் யோசிக்கலாம்.

## வீடு தேடி வரும் அரசு உதவி

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களுக்கு மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கிறது. தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள்.

இந்த வழியின் பலம், வருபவர் நம் தெருவையும் நம் சாப்பாட்டையும் அறிந்தவர் என்பது. முகப்பில் உட்கார்ந்து பேசும்போதே அடுப்படி வாசம் அவருக்கு வந்துவிடும். பணியாரச் சட்டியைப் பார்த்துவிட்டு "இன்றைக்கு எத்தனை, ஆச்சி?" என்று கேட்கக்கூடியவர். மதுரை டாக்டரால் இது முடியாது.

பலவீனம் நேரம். ஒருவருக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் நிறைய. ரத்தம் குத்தி, எழுதி, மாத்திரை கொடுத்து நகர்ந்தால்தான் அன்றைய வேலை முடியும். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகலாம். அதனால், வரும்போது கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. சமையல் செய்பவர் அந்த நேரத்தில் கூட இருந்தால் இன்னும் நல்லது.

பணம் செலவில்லை. ஆனால் இங்கே ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது, அதன் பெயர் கௌரவம். "நாம் போய் அரசாங்க மாத்திரையா?" என்ற தயக்கத்தில், கதவைத் திறக்காமலேயே அனுப்பிவிடும் பெரிய வீடுகள் உண்டு. மாத்திரையைத் தனியாரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்; மாதாமாதம் அளவு பார்க்க வருபவரை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத வீட்டில், ஒரு ஆள் வந்து முகம் பார்த்துப் போவதே பெரிய பாதுகாப்பு.

கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும், சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு. கால் புண், பார்வை மங்கல், சிறுநீரகக் கோளாறு என்றால் இது மட்டும் போதாது.

## மதுரைக்கோ திருச்சிக்கோ போவது

நீரிழிவுக்கென்றே இருக்கும் மருத்துவமனை, அங்கே உணவு ஆலோசகர், கண் பரிசோதனை, பாதப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில். காரைக்குடியிலிருந்து இரண்டு ஊருமே சுமார் இரண்டு மணி நேரப் பயணம்.

முதன்முறை சர்க்கரை தெரியவந்தபோது, இன்சுலின் தொடங்கும்போது, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 9, 10 என்று நிற்கும்போது, கர்ப்பிணிக்குச் சர்க்கரை வந்தால், இந்த வழிக்கு ஈடு இல்லை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு புரதம், எந்தக் காய் என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. பெரும்பாலோர்க்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழ் என்பது இலக்கு. ஆனால் எண்பது வயதில் தனியாக இருப்பவருக்கு அதைவிடத் தளர்த்தியே வைப்பார்கள். அதை முடிவு செய்யவும் அங்கேதான் ஆள் உண்டு.

ஆனால் பழக்கத்தை மாற்றும் வழியாக இதை எடைபோட்டால் மதிப்பெண் குறைகிறது. வருடத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான் தொடர்பு. கார் வாடகை, பரிசோதனைக் கட்டணம், கூட வருபவரின் ஒரு நாள். வெறும் வயிற்று ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, மறுபடி கொடுத்து, காத்திருந்து, டாக்டரைப் பார்த்து வெளியே வரும்போது மதியம் தாண்டிவிடும். பசியில் நேரே ஹோட்டல். டயட் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே பரோட்டா சாப்பிடுவது அந்தப் பயணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. உணவு ஆலோசகரிடம் போகும்போது மூன்று நாள் சாப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள், அளவோடு. "மூன்று இட்லி" என்றால் எவ்வளவு பெரிய இட்லி என்பதையும். பொதுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராமல், அந்தப் பட்டியலிலேயே திருத்தித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் சமைப்பவரைச் செல்போனில் அழைத்து, ஆலோசகர் சொல்வதை நேராகக் கேட்கவையுங்கள்.

## செல்போனும் சென்சாரும்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த வழி. கட்டணச் செயலி, வாட்ஸ்அப்பில் ஆலோசகர், மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்.

இதை வெறும் பகட்டு என்று ஒதுக்க மாட்டேன். தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் ஆண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிச் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. அவர்கள் நோய் வருவதற்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட அப்பச்சிக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் அடிக்கடி வரும் ஒரு சின்ன நினைவூட்டல் வேலை செய்கிறது என்பதைக் காட்டியது. பெரிய தொழில்நுட்பம்கூடத் தேவைப்படவில்லை.

சென்சாரின் நல்ல பயன் வேறு. ஒரு சென்சார் சுமார் 14 நாள் வேலை செய்யும். விலை சில ஆயிரம் ரூபாய். அந்த இரண்டு வாரத்தில் அப்பச்சி தன் கண்ணாலேயே பார்ப்பார்: இடியாப்பத்துக்கு எவ்வளவு ஏறுகிறது, அதையே குறைத்துக் கூடவே முட்டைக் குழம்பு சேர்த்தால் எவ்வளவு, சாப்பிட்டபின் பத்து நிமிடம் வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி நடந்தால் எவ்வளவு. பிள்ளைகள் சொல்லி நம்பாதவர், கோடு ஏறி இறங்குவதைப் பார்த்து நம்புவார். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ இப்படிப் பாடம் கற்க ஒட்டிக்கொள்ளலாம். இன்சுலின் எடுக்காதவர்களில் பலருக்கு ஆண்டு முழுவதும் ஒட்டுவதற்கு அவசியம் இருக்காது. குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதினாலே இந்தப் பாடத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

மறைமுகச் செலவு வரிசையாக இருக்கிறது. சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. அதனால் எண் சில நிமிடம் பிந்தித்தான் வரும். தூங்கும்போது அந்தக் கையில் சாய்ந்து படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சிங்கப்பூரில் மகனுக்கு அலாரம் அடிக்கும். அவர் பதறிப்போய் நடுராத்திரியில் ஆத்தாவை எழுப்புவார். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் முடிவு. பெரும்பாலான செயலிகளில் சப்பாத்தியும் பன்னீரும் இருக்கும், கும்மாயம் இருக்காது. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், கண்காணிப்பு. முன்பு ஆத்தா மட்டும் கேட்ட கணக்கை இப்போது மூன்று நாட்டிலிருந்து கேட்பார்கள். அப்பச்சி சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல மாட்டேன்.

அகப்பைக்கு இது எட்டுமா? தானாக எட்டாது. வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் சமையல்கார அம்மாவும் உட்கார்ந்தால் எட்டும்.

## நடைத் துணை

உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சிக் கூடமே வேண்டும் என்பதில்லை. வாரம் 150 நிமிட வேகநடை, அதில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி இல்லாமல். வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை. இதுதான் பொதுவான பரிந்துரை. தசைப் பயிற்சிக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்வதில் தொடங்கலாம்.

தனியாக நடப்பவர் மழை வந்தால் நிறுத்துவார், அப்புறம் தொடங்க மாட்டார். தெருவில் நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் வராத அன்று மற்றவர்கள் கதவைத் தட்டுவார்கள். கேரளத்தில் அக்கம்பக்கத்தார் குழுக்களாகக் கூடி ஒருவரையொருவர் ஊக்குவிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. சர்க்கரை நோய் வருவதை அது தெளிவாகத் தடுத்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடிப்பழக்கம் குறைந்தது. குழுவுக்கு அந்த அளவு சக்தி உண்டு, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் ஊரில் நடைக்கு எதிரிகள் மூன்று: வெயில், நாய், டீக்கடை. பங்குனி, சித்திரையில் காலை ஏழு மணிக்கே வெயில் சுடும். விடியுமுன் கிளம்பினால் நாய் துரத்தும். நடந்து முடித்த கூட்டம் நேரே டீக்கடைக்குப் போய் டீயும் வடையும் சாப்பிட்டால், அரைமணி நடையில் செலவானது அங்கேயே திரும்பி வந்துவிடும். கூட்டம் சேர்வதே டீக்காகத்தான் என்றால், சர்க்கரை இல்லாத டீ, வடை இல்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்குச் செட்டிநாட்டு வீடே போதும். முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்தெரு வரை போகும் வீட்டில், சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து திரும்பலாம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும். துடைத்த உடனே நடக்க வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் வெளியே நடக்கும்போது பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

நடைக் குழு அடுப்படிக்கு எட்டாது. அதனால் தனி வழியாக இதை எடுத்துக்கொள்ளாமல், வேறொன்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## பத்து நாள் முகாம்கள்

சுருக்கமாக: சர்க்கரையைக் குறைக்கத் தங்கவைத்துச் சாப்பாடு போடும் முகாம்களுக்குப் போய் வந்தவர்களுக்கு எடை குறையும், சர்க்கரை குறையும், ஏனென்றால் அங்கே அகப்பை வேறொருவர் கையில். வீடு திரும்பியதும் அகப்பையும் திரும்பிவிடும். ஓய்வுக்காகப் போகிறவர் போகலாம். "மாத்திரையை நிறுத்திவிடலாம், இன்சுலின் வேண்டாம்" என்று சொல்லும் இடமானால் பணத்தைக் கட்டாதீர்கள்.

## விசேஷ நாட்களில் எது தாங்கும்

எந்த வழியும் கல்யாண வீட்டில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. இங்கே அரசு உதவியும் வராது, மதுரை டாக்டரும் வரமாட்டார். சென்சார் ஏறுவதைக் காட்டும், அவ்வளவுதான். தாங்குவது வீட்டில் முன்கூட்டிப் பேசி வைத்த முடிவு. பந்தியில் ஒரு இனிப்பு, அதையும் சாப்பாட்டின் கடைசியில், எது என்று அவரே தேர்ந்தெடுப்பது. பிள்ளையார் நோன்பில் எடுக்கும் ஒரு இழையால் (திரி ஏற்றிச் சாப்பிடும் இனிப்பு மாவு) ஒன்றும் கெட்டுவிடாது. அதைச் சாக்காக வைத்து வீட்டுக்கு வரும் பலகாரத் தூக்குகளைத்தான் கவனிக்க வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போகிறவர்கள் தனி. நடை நல்லதுதானே என்று சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு கிளம்பிவிடக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் கொப்புளம் வந்ததும் தெரியாது. போகுமுன் பாதத்தைப் பரிசோதித்துக்கொண்டு, மாத்திரை அளவையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு போகவே வேண்டாம். காவடி போகும் பாதையில் அன்னதானம் பரிமாற ஆள் எப்போதும் தேவை.

## ஒரே பார்வையில்

| வழி | அடுப்படிக்கு எட்டுமா | தொடர்பு | பணச் செலவு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வீட்டு அடுப்படி | முழுதாக | தினமும் | காய்கறி கூடும் | பெண்களின் உழைப்பு, கண்காணிப்புச் சண்டை |
| அரசு உதவி | ஓரளவு | தன்னார்வலர் வரும் நாளில் | இல்லை | பேச நேரம் குறைவு, கௌரவத் தயக்கம் |
| மதுரை, திருச்சி | அரிது | வருடத்தில் சில முறை | அதிகம் | ஒரு முழு நாள், வழியில் ஹோட்டல் |
| செல்போன், சென்சார் | ஏற்பாடு செய்தால் | தினமும் | நடுத்தரம் முதல் அதிகம் | பதற்றம், சந்தா, தொலைதூரக் கண்காணிப்பு |
| நடைத் துணை | இல்லை | தினமும் | செருப்பு மட்டும் | டீக்கடை |
| முகாம் | இல்லை | பத்து நாள் | அதிகம் | திரும்பியதும் பழையபடி |

## எந்த வீட்டுக்கு எது

அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும், சமையலுக்கு ஆள், பிள்ளைகள் வெளிநாட்டில்: பணத்தை முதலில் சென்சாருக்குச் செலவிட வேண்டாம். மதுரையிலோ திருச்சியிலோ ஒருமுறை முழுப் பரிசோதனை. அதன்பின் சமையல்கார அம்மாவோடு வாரம் ஒரு வீடியோ அழைப்பு, அவருக்கு மாதம் ஏதாவது கூடுதல் சம்பளம். காய் நறுக்கும் வேலை கூடுகிறதல்லவா? தன்னார்வலர் வந்தால் கதவைத் திறப்பது. சென்சார் மூன்றாவது மாதம், பாடத்துக்கு ஒன்று.

கூட்டுக்குடும்பம், சமைப்பது மருமகள்: எல்லோருக்கும் ஒரே சமையல். சர்க்கரை உள்ளவரின் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இது அவர்களுக்கும்தான். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நோயின் வாசலில் இருந்தவர்களில் சாப்பாட்டையும் உடலசைவையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்கும், மாற்றாதவர்களில் 55 சதவீதம் பேருக்கும் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை வந்தது. மாமனாருக்காகச் சமைப்பதாக மருமகள் நினைக்க வேண்டியதில்லை, கணவருக்கும் சேர்த்துத்தான்.

தினக்கூலிக்குப் போகிறவர், சர்க்கரைக்குத் தனியாகச் செலவிட முடியாதவர்: அரசு உதவியும் ஆரம்ப சுகாதார நிலையமும். ரேஷன் அரிசிச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரை, பயறு, முட்டை. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவருக்குத் தனி நடை அவசியமில்லை; வேலை நாளில் சாப்பாட்டைத் தவறவிடாமல் இருப்பதுதான் அவருக்கு முக்கியம். மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்பதே அவருக்குப் பெரிய ஆபத்து.

சம்பளத்துக்கு ஓடும் நாற்பது வயதுக்காரர், செல்போன் கையிலேயே இருப்பவர்: செயலியும் நடைத் துணையும் பொருந்தும். ஆனால் சனி, ஞாயிறு வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிடக் கூடாது.

எதற்கும் ஒத்துவராதவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவரிடம் ஆறு வழியையும் விரிக்காதீர்கள். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். நாலு மணிப் பணியாரத்துக்குப் பதில் சுண்டலா, சோறு ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வதா, இரவு சாப்பிட்டபின் வளவை நாலு சுற்றுச் சுற்றுவதா என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். முன்பும் பின்பும் ரத்தம் பார்த்து இரண்டு எண்ணையும் அவர் கையில் கொடுங்கள். குறைந்திருந்தால் அடுத்ததை அவரே கேட்பார். குறையாவிட்டால் அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போக வேண்டியதுதான்; மாத்திரையை மாற்ற வேண்டிய நேரமாகவும் இருக்கலாம்.